நாய்க்கு வலிப்பு வந்தால் குழந்தையின் ரத்தத்தையும் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பொங்கலுக்கு முன் வீட்டைப் புதுப்பிப்பதற்காக, மாமனாரின் அப்பா கட்டிய வீட்டின் கதவு, ஜன்னல், திண்ணைத் தூண் எல்லாவற்றிலும் இருந்த பழைய பெயின்டைச் சுரண்டினார்கள். பத்து நாளில் ஐந்து மாத நாய்க்குட்டி சாப்பாட்டை விட்டது, வாந்தி எடுத்தது, யாருமில்லாத மூலையைப் பார்த்துக் குரைத்தது. ஒருநாள் இரவு வலிப்பும் வந்தது. காரீய (லெட்) நஞ்சாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் சந்தேகப்படுகிறார். வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். அவள் நன்றாகத்தான் ஓடியாடுகிறாள். நாய்க்கு வந்தது அவளுக்கும் வருமா? காசிமேட்டு மீனிலும் ஈயச்சொம்பு ரசத்திலும் இதே விஷம் இருக்கிறது என்கிறார்களே, நிறுத்திவிட வேண்டுமா? உடம்பிலுள்ள உலோகத்தையெல்லாம் இழுத்து வெளியே தள்ளும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பொடியைக் குழந்தைக்குத் தரலாமா?

அம்மா, நாயிடமிருந்து குழந்தைக்கு இது தொற்றாது. ஆனால் நாய் எந்தத் தரையை நக்கியதோ அதே தரையில்தான் உங்கள் மகள் சப்பணமிட்டு உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடுகிறாள். நாளைக்கே அவளுடைய ரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துவிடுங்கள். சுரண்டும் வேலை மிச்சமிருந்தால் இன்றே நிறுத்துங்கள். தரை சுத்தமாகும் வரை குழந்தையும், வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவரும், உறவினர் வீட்டில் தங்கட்டும். அந்தப் பொடியைப் பிரிக்கவே வேண்டாம். மற்றவற்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வடசென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்தவன். மனிதர்களுக்கு மருந்து எழுத எனக்கு உரிமை கிடையாது; எழுதவும் மாட்டேன். ஆனால் இந்த நச்சு உலோக விவகாரத்தில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. டாக்டரிடம் மனிதர் போய்ச் சேர்வதற்குள் எங்களிடம் அந்த வீட்டுப் பிராணி வந்துவிடும்.

வியாசர்பாடிப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கதை. மூன்று கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. முதல் கன்றைப் பார்க்கப் போனபோது அது சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி நின்றிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. கண்ணுக்கு நேரே கையை வீசினேன், இமைக்கவில்லை, பார்வை போயிருந்தது. வெறிநோயாக இருக்குமோ என்று எனக்கே பயம். மறுநாள் அது செத்ததும் கையுறை மாட்டிக்கொண்டு வயிற்றைத் திறந்தேன். மாட்டின் இரண்டாவது இரைப்பை தேன்கூடு போல அறை அறையாக இருக்கும். ஆணி, கம்பி, நாணயம் என்று கனமாக எது உள்ளே போனாலும் அங்கேதான் தங்கும். அந்த அறைகளுக்குள் சாம்பல் நிறத்தில், ஈர மண்ணைப் போலச் சில கட்டிகள் இருந்தன. விரலால் நசுக்கிக் காகிதத்தில் தேய்த்தேன். பென்சில் கோடு போலக் கறுப்பாக விழுந்தது. பழைய பேட்டரியின் தட்டு.

கொட்டகைக்காரரின் மைத்துனர் பின்கட்டில் லாரி பேட்டரிகளை உடைத்து, காரீயத்தை உருக்கி, கட்டியாக விற்றுக்கொண்டிருந்தார். தட்டில் படிந்திருக்கும் உப்பின் ருசிக்காகக் கன்றுகள் அதை நக்கியிருக்கின்றன. “வீட்டில் யாருக்காவது வயிற்றுவலி உண்டா?” என்று கேட்டேன். ஏழு வயதுப் பையன் இரண்டு மாதமாக வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்கூடம் போகாமல் இருந்தான். போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று அடி வாங்கியிருந்தான். ரத்தசோகை வேறு. பூச்சி மருந்து மூன்று முறை கொடுத்திருந்தார்கள். என்ன செய்வது, அந்த வீட்டில் கன்று செத்த பிறகுதான் பையனுக்கு நிஜமாகவே நோய் என்பதை நம்பினார்கள்.

உலகம் முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஜப்பானின் மினமாட்டா என்ற மீன்பிடி ஊரில் 1950களின் தொடக்கத்தில் பூனைகள் தள்ளாடித் தள்ளாடி ஆடின, சுழன்று சுழன்று கடலில் விழுந்தன. பூனை ஆடும் நோய் என்றே ஊரார் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1956இல்தான் அது மனிதர்களின் நோயாக அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை விரிகுடாவில் விட்ட கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீனுக்குப் போய், மீனிலிருந்து பூனைக்கும் மனிதருக்கும் போயிருந்தது. அந்த ஆலையின் மருத்துவர் ஹொசொகாவாவே 1959இல் ஆலைக் கழிவைக் கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்துச் சோதித்தார். நானூறாம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது. முடிவை நிர்வாகம் மூடி வைத்தது. கழிவு 1968 வரை கடலில் கலந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் துறைமுகத்தில் 2006 கடைசியில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்து விழுந்தன. ஏற்றுமதிக்காகக் கொண்டுவந்த காரீய கார்பனேட்டின் தூசு ஊரெங்கும் படிந்திருந்தது தெரிந்தது. அதன் பிறகே குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

பிராணிக்கு முதலில் வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அது தரையில் படுக்கிறது, மயிரில் ஒட்டியதை நக்கி விழுங்குகிறது, உடம்பும் சின்னது. அதற்கு அடுத்தபடி தரைக்குப் பக்கத்தில் இருப்பதும், கையை வாயில் வைப்பதும் குழந்தைதான்.

“அவள் நன்றாகத்தான் ஓடியாடுகிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பயமுறுத்தியது இந்த வரிதான். வாந்தி, கடுமையான வயிற்றுவலி, வலிப்பு எல்லாம் ரத்தத்தில் காரீயம் மிக அதிகமாக ஏறிய பிறகு வருபவை. அதற்குக் கீழே உள்ள அளவில் குழந்தை சிரிக்கும், ஓடும், சாப்பிடும். பாதிப்பு உள்ளே மெதுவாக நடக்கும். காரீயம் உடம்புக்குள் சுண்ணாம்புச்சத்தைப் போல வேடம் போட்டு நுழைகிறது. மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் இடத்தில் கால்சியம் செய்ய வேண்டிய வேலையைக் கெடுக்கிறது. ரத்தத்தில் இரும்பு சேர வேண்டிய இடத்தில் சேர விடாமல் தடுக்கிறது. மூன்று வயதில் மூளை நாளுக்கு நாள் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது இது நடந்தால், பிற்பாடு கவனம் நிற்காமை, படிப்பில் மந்தம், முன்கோபம் என்று வெளியே தெரியும். அப்போது யாரும் கதவு பெயின்டை நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நகக்கண் அளவுள்ள ஒரு பெயின்ட் சிலும்பு சுமார் 100 மில்லிகிராம் எடை என்று வையுங்கள். அதில் நூற்றில் ஒரு பங்குதான் காரீயம் என்றாலும் 1000 மைக்ரோகிராம். பழைய எனாமலில் இதைவிடப் பல மடங்கு இருப்பதுண்டு. பெரியவர்கள் விழுங்கினால் சுமார் பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஏறும். சிறு குழந்தை கிட்டத்தட்டப் பாதியை ஏற்றிக்கொள்ளும். மூன்று வயதுக் குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமாக ஒரு லிட்டர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் கவனிக்க வேண்டிய அளவாக வைத்திருப்பது ஒரு டெசிலிட்டருக்கு (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) 3.5 மைக்ரோகிராம். அதாவது குழந்தையின் முழு ரத்தத்துக்கும் சேர்த்து வெறும் 35 மைக்ரோகிராம். சிலும்பில் இருந்தது 1000. உள்ளே போனதில் பெரும்பங்கு எலும்புக்கும் திசுக்களுக்கும் பிரிந்து போகும் என்றாலும், ஒற்றைச் சிலும்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு நின்றது. அதற்குப் பின்னும், சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வில் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. அளவு கூடக் கூட வகுப்பறையில் கவனக்குறைவும் கூடியிருந்தது. வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். மாமனாரின் அப்பா பூசிய பச்சையும் மஞ்சளும் எந்த விதிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. ஒரு விஷயம் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் செங்கல் நிற ரெட் ஆக்சைடு இரும்புத் துரு வகை, அதன் நிறம் காரீயத்தால் வருவதல்ல. பழைய இரும்புக் கம்பிகளில் ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும் ரெட் லெட் ப்ரைமர்தான் காரீயம். பெயின்டர்களிலேயே பலர் இரண்டையும் ஒன்றென்பார்கள்.

பரிசோதனைக்கு வருவோம். உங்கள் குழந்தை மருத்துவரிடமோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ நடந்ததைச் சொல்லுங்கள். நாய்க்கு வலிப்பு வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், அதுதான் முக்கியமான தடயம். நரம்பிலிருந்து எடுத்த முழு ரத்தத்தில் பார்க்க வேண்டும். ரத்தத்திலுள்ள காரீயத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு சிவப்பணுக்களுக்குள்தான் இருக்கும். சிவப்பணுவைப் பிரித்தெடுத்த சீரத்தில் பார்த்தால் ‘ஒன்றுமில்லை’ என்று வரும், நீங்களும் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். விரலில் குத்தி எடுத்தால், விரலில் ஒட்டியிருக்கும் தூசே அளவை ஏற்றிக் காட்டிவிடும். தலைமுடியை அனுப்பிப் பார்க்கச் சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். கூடவே ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தை இன்னும் ஆவலாக இழுத்துக்கொள்ளும். இரும்பு, கால்சியம் இரண்டும் போதுமான அளவு இருந்தால் காரீயத்துக்குக் கதவு பாதி மூடியது போல. கேழ்வரகுக் கூழ், முருங்கைக் கீரை, முட்டை, கூடவே நெல்லியோ எலுமிச்சையோ. காலி வயிற்றோடு அவளை விளையாட விடாதீர்கள். இவை ஏறியதை இறக்கும் மருந்து இல்லை, மேற்கொண்டு ஏறுவதைக் குறைக்கும் வழி.

குட்டி நாய் விஷயம். உங்கள் மருத்துவர் சரியான திசையில்தான் போகிறார். குட்டி நாய்க்கு வலிப்பு என்றால் நாங்கள் முதலில் நினைப்பது டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோயை. (டிஸ்டம்பர் என்பது சுவருக்கு அடிக்கும் சுண்ணச் சாயத்துக்கும் பெயர். “டாக்டர், டிஸ்டம்பர் அடித்த பிறகுதான் நாய்க்கு டிஸ்டம்பர் வந்தது” என்று ஒருவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்த நாய்க்கும் காரீயம்தான்.) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால் பெயின்ட் சிலும்புகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியக்கூடும். தெரிந்தால் அவற்றை முதலில் குடலிலிருந்து வெளியேற்ற வேண்டும். பிறகுதான் ரத்தத்திலுள்ளதை இறக்கும் மருந்து. காலத்தோடு பார்த்தால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும்.

இனி வீட்டைச் சுத்தம் செய்வது. துடைப்பத்தை எடுக்காதீர்கள். கூட்டக் கூட அந்தத் தூசு எழும்பி மறுபடி படியும். சிலும்புகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பிளாஸ்டிக் பைக்குள் கட்டுங்கள். சோப்புத் தண்ணீரால் தரை, ஜன்னல் விளிம்பு, கதவு இடுக்கு எல்லாம் துடையுங்கள். தண்ணீரையும் துணியையும் அடிக்கடி மாற்றுங்கள். ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுவதும் துடைத்தால் ஓர் அறைத் தூசை இன்னோர் அறைக்குக் கொண்டுபோய்ப் பூசுவதாகிவிடும். மிச்சமிருக்கும் பழைய பெயின்ட் உதிராமல் கெட்டியாக இருந்தால் அப்படியே அதன்மேல் புதிய பெயின்டைப் பூசி மூடிவிடுவது நல்லது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து, நனைத்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உலர்ந்த உப்புத்தாளும், மெஷினும், நெருப்பு காட்டி உரிப்பதும் மூன்று பெரிய தவறுகள். உங்கள் வீட்டில் சுரண்டிய பெயின்டர்களை நினைத்தும் எனக்குக் கவலை. அவர்கள் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்த் தங்கள் குழந்தையைத் தூக்கியிருப்பார்கள். முடிந்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

ஈயச்சொம்பைப் பற்றிக் கேட்டீர்கள். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் ஒளிந்திருப்பதால் வந்த வினை இது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அது பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும்கூட. உங்கள் பாட்டி அதில் ரசம் வைத்தது தவறே இல்லை. சிக்கல் எப்போது வரும் என்றால், விலை மலிவுக்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலக்கும்போது. புளித்தண்ணீரும் தக்காளியும் காரீயத்தை நன்றாகக் கரைக்கும். மயிலாப்பூரிலோ பாரிமுனையிலோ சொம்பு வாங்கினால் கையில் தூக்கிப் பாருங்கள். காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். சொம்பின் அடிவிளிம்பை வெள்ளைக் காகிதத்தில் அழுத்திக் கோடு இழுங்கள். நான் வியாசர்பாடியில் பார்த்தது போலக் கறுப்புக் கோடு தாராளமாக விழுந்தால் அந்தச் சொம்பு ரசத்துக்கு ஆகாது, அலமாரியில் அழகுக்கு வையுங்கள். கோடு விழவில்லை என்பதற்காகச் சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது. சந்தேகம் தீர வேண்டுமானால் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். தெருவில் வந்து ஈயம் பூசுபவரிடம், பழைய சால்டர் கம்பியை உருக்கிப் பூசவில்லையே என்று கேட்டுவிடுங்கள். சால்டரில் காரீயம் கணிசமாக இருக்கும்.

சமையலறையிலிருக்கும்போதே இன்னொன்று. மஞ்சள்தூளுக்குப் பளிச்சென்ற நிறம் வர காரீய குரோமேட்டைக் கலக்கும் வழக்கம் வங்கதேசத்தில் 2019இல் ஆராய்ச்சியாளர்களால் வெளிச்சத்துக்கு வந்தது. மஞ்சள் கிழங்கை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளும் நம் பழைய பழக்கம் இந்த விஷயத்தில் மிக நல்லது. குழந்தைக்கு மை இட்டே ஆக வேண்டும் என்று மாமியார் நின்றால், கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா வேண்டாம். அந்தக் கல்லே பெரும்பாலும் காரீயத் தாதுதான். விளக்கெண்ணெய் தீபத்தில் பிடித்த கரியில் காரீயம் கிடையாது என்று சொல்லிச் சமாளியுங்கள்.

மீனுக்கு வருவோம். இங்கே உலோகம் மாறுகிறது, அதோடு கதையும் மாறுகிறது. மீன் சதையில் சேருவது பெரும்பாலும் மெத்தில் பாதரசம். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது மேலே மேலே திரண்டுகொண்டே போகும். ஆகவே பெரியதாக வளர்ந்த சுறா, பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் இவற்றில் அதிகம். நெத்திலி, மத்தி, காரப்பொடி, சங்கரா இவற்றில் குறைவு. அதாவது விலை குறைந்த மீன்தான் இங்கே நல்ல மீன். இந்த ஒரு விஷயத்திலாவது ஏழைக்கு லாபம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. அதற்காக மீனையே நிறுத்தாதீர்கள். மீனிலிருக்கும் கொழுப்புச்சத்து குழந்தையின் மூளைக்கு வேண்டியது. சுறாப்புட்டுக்குப் பதில் காரப்பொடிக் குழம்பு வையுங்கள். பால் ஊறுவதற்கென்று கொடுக்கும் மீன்களில் அதுவும் ஒன்றுதானே.

காசிமேட்டில் இறங்கும் மீன் பெரும்பாலும் ஆழ்கடலிலிருந்து வருவது, மேலே சொன்ன பெரிய மீன்களைத் தவிர மற்றவற்றுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் பிடித்த நண்டு, ஆளி, மட்டி விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்த இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் குழம்பு கசிந்து படிந்திருப்பது ஊரறிந்த விஷயம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், காரீயம், காட்மியம், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொண்டது. சேற்றைச் சலித்து உண்ணும் உயிரினங்கள் சேற்றிலுள்ளதைச் சேமித்துவைக்கும். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பு நிறக் கூழை ருசி என்று உறிஞ்சுபவர்கள் உண்டு. காட்மியம் போய்ச் சேருவது அங்கேதான். எந்த மீனானாலும் குடலையும் செவுளையும் நீக்கிவிடுங்கள். குற்றம் அந்தக் கழிமுகத்தில் வலை வீசுகிறவர்களுடையது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாம்பலை அவர்கள் கொட்டவில்லை, அதைக் கையால் அளைந்து வாழ்கிறவர்கள் அவர்கள்.

காட்மியம் என்றதும் ஒரு கேள்வி. வீட்டில் யாராவது சௌகார்பேட்டை நகைப் பட்டறையில் வேலை செய்கிறார்களா? கே.டி.எம். நகை என்று நாம் பெருமையாகச் சொல்வோமே, அந்தப் பெயரே காட்மியத்திலிருந்து வந்ததுதான். தங்கத்தோடு காட்மியம் சேர்த்துப் பற்றவைத்தால் மாற்று குறையாது, வேலையும் சுத்தமாக இருக்கும். நகை அணிபவருக்கு அதனால் கெடுதல் வருவதில்லை. ஊதுகுழலை வைத்துக் குனிந்து பற்றவைக்கும் பத்தருக்குத்தான் அந்தப் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. காட்மியம் சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டுகள் தங்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த தண்ணீரில் விளைந்த அரிசியைத் தின்ற பெண்களுக்கு எலும்பு இருமினாலே முறியும் அளவுக்கு நொய்ந்துபோனது. அந்த நோயின் பெயர் ‘இத்தாய் இத்தாய்’. அவர்கள் மொழியில் ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று பொருள். மாட்டிலும் ஆட்டிலும் காட்மியம் சேரும் இடம் சிறுநீரகம், அதற்கடுத்து ஈரல். குப்பைமேட்டில் மேயும் மாட்டின் சிறுநீரகத்தை நான் சாப்பிட மாட்டேன். சுவரொட்டியின் மைதாப் பசைக்காகக் காகிதத்தையே கிழித்துத் தின்னும் நம் தெரு மாடுகளைப் பார்த்திருப்பீர்கள். மையில் என்ன இருக்கிறது என்று அவற்றுக்கு யார் சொல்வது? காரீயம் ஏறிய பசுவின் பாலிலும் காரீயம் வரும். கொடுங்கையூர்ப் பக்கம் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் இடத்தில் மேய்ந்த மாட்டின் பாலை, கண்ணெதிரே கறந்தது என்பதற்காக நல்ல பால் என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக அந்தப் பொடி. ரத்தத்திலுள்ள உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அந்த வைத்தியத்துக்குக் கீலேஷன் என்று பெயர். கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உலோகத்தைக் கொடுக்கால் கவ்வி இழுப்பதாகக் கற்பனை. குழந்தையின் அளவு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், மருத்துவர்கள் மருத்துவமனைக் கண்காணிப்பில் அதைத் தருவார்கள். அதற்குக் கீழே வைத்தியம் ஒன்றுதான்: காரீயம் வரும் வழியை அடைப்பது. வழியை அடைக்காமல் மருந்து கொடுத்தால், குடலிலிருக்கும் காரீயம் இன்னும் வேகமாக ஏறக்கூடும். கொடுக்குக்கு நல்லது கெட்டது தெரியாது. தேவையான துத்தநாகத்தையும் சேர்த்து இழுக்கும். 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவனுக்குத் தவறான வகை கீலேஷன் மருந்தை ஏற்றியதில் ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கி அவன் இறந்துபோனான். சரியான மருந்துக்கே இத்தனை எச்சரிக்கை. பெயரில்லாத பொட்டலத்துக்கு என்ன சொல்வது?

சித்த வைத்தியத்தைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். என் மூட்டுவலிக்கு நானே தைலம் வாங்குகிறேன். ஆனால் பற்பம், செந்தூரம் என்று உலோகத்தைப் புடமிட்டுச் செய்யும் மருந்துகளை உரிமம் பெற்ற மருத்துவர் கையால், தயாரிப்பு விவரம் அச்சிட்ட டப்பாவில்தான் வாங்க வேண்டும். சொற்களே ஆளைக் கவிழ்க்கும்: சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம், ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம். பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில் 14இல் காரீயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. காரீயத்தை வெளியேற்ற வாங்கிய பொடியில் காரீயமே இருந்தால் என்ன செய்வீர்கள்?

குழந்தையின் முடிவு வந்ததும் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதாமல், அறிக்கையில் பக்கத்தில் போட்டிருக்கும் அலகையும் பார்த்து எழுதுங்கள். சில கூடங்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கொடுப்பார்கள், சில லிட்டருக்கு. லிட்டர் கணக்கில் 35 என்று இருப்பதும் டெசிலிட்டர் கணக்கில் 3.5 என்று இருப்பதும் ஒன்றே. டெசிலிட்டர் கணக்கிலேயே 35 என்று இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். குட்டி தேறி வீட்டுக்கு வருவதற்கு முன், அது படுத்த கோணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, வேறு புதிய கோணி போடுங்கள்.